ஸ்பார்ட்டாவுக்குப் போகிறீர்களா? முழுக்கால் பேண்ட் போடுங்கள்

சிகாகோவுக்கோ மினியாப்பொலிஸுக்கோ புதிதாக வந்தவர்கள் கோடையில் எங்கே போகலாம் என்று கேட்டால், விஸ்கான்சினில் உள்ள ஸ்பார்ட்டாவைத்தான் சொல்வேன். ரயில் நின்றுபோன தடத்தை 1960களில் எல்ராய் என்ற ஊர் வரை சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். 32 மைல், அதாவது 51 கிலோமீட்டர், அதுவும் ஒரு வழிக்கு! பாதி தூரம் போய்த் திரும்புங்கள், போதும்.

16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோரும் பாதைக்கான பாஸ் வாங்கியாக வேண்டும். வழியில் மூன்று சுரங்கங்கள். நார்வாக் பக்கத்துச் சுரங்கம் கிட்டத்தட்ட முக்கால் மைல். உள்ளே விளக்கு கிடையாது, மேலிருந்து தண்ணீர் சொட்டும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆளுக்கொரு டார்ச், ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர். ஊருக்குள் டீக் ஸ்லேட்டன் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்லேட்டன் நாசாவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர், இந்தப் பக்கத்துப் பண்ணைப் பையன். இதயத் துடிப்பு சரியில்லை என்று அவரைத் தரையிலேயே நிறுத்திவைத்தார்கள். 1975இல்தான் மேலே போனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உண்ணி. மாட்டிலும் நாயிலும் பார்த்துப் பழகிய நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான், கடித்தால் வலிக்காது. என் நண்பன் அரை டிராயரோடு பாதையோரப் புல்லில் துண்டை விரித்துப் புளியோதரை சாப்பிட்டான். ஒரு வாரம் கழித்து முழங்காலுக்குப் பின்னால் சிவப்பு வட்டம். வேர்க்குரு என்று தேங்காய் எண்ணெய் தடவினான். அப்புறம் காய்ச்சல், மூட்டுவலி. உண்ணி கடித்து வரும் லைம் நோய். மாத்திரையில் குணமாகிவிட்டது, ஆனால் காப்பீட்டில் டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) தீராததால் டாக்டர் பில் முழுக்க அவன் தலையில். இத்தனைக்கும் இந்த நோயின் சிவப்பு வட்டம் அமெரிக்காவில் முதலில் பதிவானதே 1970இல், இதே விஸ்கான்சினில்தான். பாஸ் எங்கே என்று நம்மைக் கேட்பவர்கள் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

பேண்ட் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்தை அடியுங்கள். புல்லில் உட்காராதீர்கள், பெஞ்சு இருக்கிறது. வீடு வந்ததும் துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் போட்டுவிட்டு, குளிக்கும்போது அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி என்று ஊர் வைத்தியம் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சிவப்பு வட்டம் தெரிந்தால் அன்றே போட்டோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். புல்வெளியில் இருந்ததை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.