ஹோம் தியேட்டர் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ ஈரோட்டிலோ புது வீடு கட்டிக் குடிபோகிறவர்கள் ஹோம் தியேட்டர் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் போடப்படும் அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. தொடர்ச்சியாகத் தரக்கூடிய திறனைக் காட்டும் ஆர்.எம்.எஸ். எண்ணையே கேட்க வேண்டும். அதையும் எத்தனை சேனல்களை, அதாவது தனித்தனி ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலித்தடங்களை, இயக்கி அளந்தார்கள் என்று பார்ப்பது நல்லது. ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர்; பல ரிசீவர்களில் ஒன்றோ இரண்டோ சேனல்களை மட்டும் இயக்கி அளந்த எண்ணே பெரிதாக அச்சாகிறது. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுக்கும் திறனுக்கு அது எவ்வளவு சத்தம் எழுப்பும் என்பதை, யாரும் கேட்பதில்லை. 86 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்பும் அதே சத்தத்தை 89 டெசிபல் ஸ்பீக்கர் பாதித் திறனிலேயே எழுப்பிவிடும்.

பணம் இடிக்கும்போது பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான சப்ஊஃபரைப் பெரிதாக எடுத்து, முன்னால் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரில் மிச்சம் பிடிப்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. வசனத்தின் பெரும்பகுதி சென்டர் வழியாகவே வருகிறது. சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, அடுத்த காட்சியில் வீட்டுக்காரம்மா “ஏனுங்க, இப்ப அவன் என்ன சொன்னானுங்க?” என்று கேட்டால், முதலில் சென்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். நல்ல சென்டரையே டிவி அலமாரிக்குள் ஆழத்தில் தள்ளி வைத்தாலும் பலகையில் பட்டுத் திரும்பும் ஒலி பேச்சைக் குழப்பும். அலமாரி விளிம்போடு ஒட்டி வைத்து, தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தைச் சற்று நிமிர்த்திக் காதை நோக்கித் திருப்பிவிடுங்கள். முன்னால் வரும் மூன்று ஸ்பீக்கர்களும் ஒரே சீரிஸாக இருக்கட்டும். மட்டமான 7.1 செட்டைவிட (புள்ளிக்கு முன்னால் இருப்பது ஸ்பீக்கர் எண்ணிக்கை, பின்னால் இருப்பது சப்ஊஃபர் எண்ணிக்கை), இந்த மூன்றும் ஒரு சப்ஊஃபரும் கொண்ட 3.1 மேல், சேனல் மிச்சமுள்ள ரிசீவராக எடுத்தால் பக்கவாட்டிலோ பின்னாலோ வைக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அறையைக் கணக்கில் எடுக்காதது அடுத்தது. விட்ரிஃபைடு டைல்ஸ் அல்லது கிரானைட் தரை, கான்கிரீட் கூரை, அகலக் கண்ணாடி ஜன்னல் என்று இன்றைய வீடுகளில் எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். காலி ஹாலில் ஒருமுறை கைதட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கரூரில் நெய்யும் கனமான திரைச்சீலையும் தரையில் விரித்த பவானி ஜமக்காளமும் கீச்சொலியை ஓரளவு அடக்கும், ஆனால் பேஸை ஒன்றும் செய்யாது. பேஸை அறையின் அளவுதான் ஆள்கிறது. 12 அடிக்கு 12 அடி சதுர அறையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலியே சேர்ந்து வீங்கி, ஓரிடத்தில் கும்மென்றும் இன்னோரிடத்தில் சுத்தமாக இல்லாமலும் கேட்கும். சப்ஊஃபரை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், சீர்மை பெரும்பாலும் போய்விடும். அதைத் தற்காலிகமாக உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டு ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து, பேஸ் சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மாற்றினால் போதும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சரவுண்ட் ஸ்பீக்கர்களை அழகுக்காகப் பின்சுவரில் கூரையோடு ஒட்டி மாட்டுவதும் வேண்டாம். 5.1 அமைப்பில் அவை காதுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ, காது மட்டத்துக்கு ஓரிரு அடி மேலே இருக்க வேண்டும்.

வயருக்கான பைப்பைக் கூரை கான்கிரீட் போடுமுன்பே எலக்ட்ரீஷியனிடம் சொல்லித் தனியாக ஓட்டிவிட வேண்டும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் திணித்தால் இரைச்சலும் வரலாம், பாதுகாப்பும் இல்லை. தாமிர முலாம் பூசிய அலுமினிய வயர் பார்வைக்குத் தாமிரம் போலவே இருக்கும், மின்தடை அதிகம். ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள் போட்டுவிட்டு, தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும் அட்மாஸ் வரவில்லை என்பவர்களும் உண்டு. அந்தக் கேபிள் அட்மாஸைக் கடத்தாது. டிவியிலும் ரிசீவரிலும், டிவியின் ஒலியை ரிசீவருக்கு அனுப்பும் இ-ஆர்க் வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. இணைப்பு இருக்கிறதா என்று பணம் கட்டுமுன்பே பார்த்துவிடுங்கள்.