"எவ்வளவு காலமா", "எவ்வளவு காலத்துக்கு": கனடாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இதைத் திருமலையில் இருந்து எழுதுகிறேன். மூன்று வார லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். வந்து இறங்கிய அடுத்த நாளே பக்கத்து வீட்டுத் தம்பி கொப்பியோடு வந்து நின்றான். அடுத்த மாதம் ஸ்காபரோவுக்கு வரப்போகிறான். கொப்பியைத் திறந்தால் சிவப்புப் பேனையால் கோடு போட்ட 12 பெட்டிகள், ஆங்கில இலக்கணத்தின் மூன்று காலம், ஒவ்வொரு காலத்துக்கும் நாலு வகை, எல்லாப் பெட்டியிலும் 'ஐ ஈட் ரைஸ்' என்ற ஒரே வசனம் திரும்பத் திரும்ப. ரியூசனில் நானும் இதே பெட்டிகளைத்தான் பாடமாக்கினேன், ஓ.எல். ஆங்கிலத்தில் நல்ல றிசல்ட்டும் எடுத்தேன், அப்படியிருந்தும் கனடா போன ஆறாவது மாதம் கைக்கு வரவிருந்த ஒரு நிரந்தர வேலை தவறிப் போனது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இது.

முதலில் அலுவல்கள். போனவுடன் சேர்விஸ் கனடா என்ற அரசாங்க அலுவலகத்தில் சின் நம்பர், அதாவது சமூகக் காப்புறுதி இலக்கம், ஒன்பது இலக்கம், வேலை செய்ய அது வேண்டும். ஒன்ராறியோவில் இருந்தால் ஓஹிப் அட்டை, அந்த மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி அட்டை. ஆங்கிலத்துக்கு லிங்க் என்று புதிதாக வருபவர்களுக்கான அரசாங்க வகுப்பு இருக்கிறது, நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் காசில்லாமல் படிக்கலாம். முதலில் ஒரு மதிப்பீடு செய்து உங்கள் மட்டத்தைச் சொல்வார்கள், 1 முதல் 12 வரை. பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் பேசுவதிலும் கேட்பதிலும் 4 ஆம் மட்டத்தைக் காட்ட வேண்டும். "தமிழ்க் கடையில்தானே வேலை, இங்கிலீஷ் என்னத்துக்கு" என்று சொல்லி இந்த வகுப்பை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய பேக்கரி ஒன்றில் இரவு ஷிஃப்ட். நேர்முகம் நன்றாகத்தான் போனது. முடிந்து எழும்பும் நேரத்தில் சூப்பர்வைசர் பெண்மணி சிரித்துக்கொண்டே, 'சோ, ஹௌ லோங் ஆர் யூ ஹியர் ஃபோர்?' என்றார். நான் வந்து ஆறு மாதம். உடனே 'சிக்ஸ் மன்த்ஸ்' என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் எதையோ எழுதினார். இரண்டு வாரம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படுத்தேன். அழைப்பு வரவில்லை. அங்கே வேலை செய்த எங்கள் ஊர் அண்ணா ஒருவர் விசாரித்துப் பார்த்துச் சொன்னார்: "நீ ஆறு மாசத்தில திரும்பிப் போயிடுவாய் எண்டு சொன்னியாம், அதுதான் வேற ஆளை எடுத்திட்டினம்."

நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அன்று முழுக்க யோசித்தேன். சொல்லித்தான் இருக்கிறேன். 'ஹௌ லோங் ஹாவ் யூ பீன் ஹியர்?' என்றால் எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். 'ஹௌ லோங் ஆர் யூ ஹியர் ஃபோர்?' என்றால் எவ்வளவு காலத்துக்கு இருக்கப் போகிறீர்கள், அதாவது எப்போது போவீர்கள். ஒன்று பின்னால் பார்க்கிற கேள்வி, மற்றது முன்னால் பார்க்கிற கேள்வி. வேகமாகச் சொல்லும்போது நம் காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும்.

இதில் நாம் ஏன் விழுகிறோம் என்று பிறகுதான் விளங்கியது. தமிழில் "ஆறு மாசமா இருக்கிறன்" என்கிறோம். வினை வெறும் நிகழ்காலம். பழைய நாளில் தொடங்கி இன்றுவரை வருகிறது என்பதை அந்த "மாசமா" என்பதில் உள்ள 'ஆ' சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாரம் வினையின் மேல், 'ஹாவ் பீன்' என்பதன் மேல் இருக்கிறது. 'ஃபோர்' என்ற சொல் ஆறு மாதம் என்ற நீளத்தை மட்டும்தான் சொல்லும், அது எந்தப் பக்கத்து ஆறு மாதம் என்று சொல்லாது. அதனால் நம் நிகழ்காலத்தை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஆம் ஹியர் ஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்' என்றால், "ஆறு மாசத்துக்கு வந்திருக்கிறன்" என்றுதான் கேட்கிறவருக்கு விளங்கும். 'சின்ஸ்' வந்தால் தொடங்கிய நாள், 'ஃபோர்' வந்தால் கால அளவு என்று ரியூசனில் நூறு தரம் சொல்லித் தந்தார்கள், ஆனால் வினையை மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் வேலை கேட்கும்போதும் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். 'ஐ மூவ்ட் ஹியர் இன் மார்ச்' என்று வந்த மாதத்தைச் சொல்லுங்கள், பின்னாலேயே 'ஐ ஆம் ஹியர் ஃபோர் குட்' என்று சேர்த்துவிடுங்கள். நிரந்தரமாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். கேள்வியைத் தவறாகக் கேட்டிருந்தாலும் இந்தப் பதில் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது 'ஹாவ்' போடக்கூடாத இடம். "2016 இல கொழும்புக்குப் போயிருக்கிறன்" என்பது நமக்கு நல்ல தமிழ். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஆண்டையோ நாளையோ சொல்லிவிட்டால் 'ஹாவ்' வராது, 'ஐ வென்ட்' மட்டும்தான். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்துவிட்டு வருகிற பெடியள் 'ஐ ஹாவ் வேர்க்ட் தேர் இன் 2018' என்று எழுதிக் கொண்டுவருவார்கள். 'ஐ வேர்க்ட்' என்று திருத்துங்கள். இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் மட்டும் 'ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் சின்ஸ் 2018'.

பிறகு 'வில்'. "அம்மா இரவில குளிசை போடுவா" என்று நாம் சொல்வது வழக்கத்தை, ஆனால் வினையின் வடிவம் எதிர்காலம். நண்பன் ஒருவன் தாயாரை டொக்டரிடம் கூட்டிப்போய் 'ஷீ வில் டேக் த டேப்லெட் அட் நைட்' என்று சொல்லியிருக்கிறான், டொக்டர் இனிமேல்தான் தொடங்கப் போகிறாராக்கும் என்று எடுத்துக்கொண்டார். நல்லகாலம், குளிசைப் போத்தல் அம்மாவின் கைப்பையில் இருந்தது. வழக்கம் என்றால் 'ஷீ டேக்ஸ்'. பழைய வழக்கம் என்றால் 'யூஸ்ட் டு'. என் அம்மப்பா இங்கே துறைமுகத்தில் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர், 1957 இல் பிரித்தானியர் அதைக் கையளிக்கும் வரைக்கும். இலக்கணப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. "அப்ப நாங்கள் வள்ளத்திலதான் போவம்" என்று எங்களுக்குத் தமிழில் சொல்கிறவர், ஆங்கிலத்தில் 'வீ யூஸ்ட் டு கோ பை போட்' என்று ஒரு தரம்கூடப் பிசகாமல் சொல்வார். தினமும் பேசிப் பேசி வந்த பழக்கம் அது. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' இரண்டையும் விட்டுவிடுங்கள், 'ஐ நோ', 'ஐ ஹாவ்' போதும். இன்னொன்று, நாம் படித்தது பிரித்தானிய ஆங்கிலம். 'ஹாவ் யூ ஈட்டன்?' என்று எதிர்பார்ப்போம், அங்கே பலர் 'டிட் யூ ஈட் யெட்?' என்பார்கள். அதுவும் சரிதான், குழம்ப வேண்டாம்.

நேற்றுப் பின்னேரம் தம்பியை டச்சுக் குடாக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். கடலை வாங்கிக்கொண்டு மணலில் இருந்தோம், கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று கடதாசிச் சுருளுக்கு வாயை நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். முதல் பத்துத் தரமும் பிழை. பிறகு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டான். இருட்டி வரும்போது 'ஹௌ லோங் ஆர் யூ ஹியர் ஃபோர்?' என்றேன், யோசிக்காமல் 'அண்டில் த நைன்டீன்த்' என்றான். அவன் பிளேன் ஏறுகிற நாள். அப்புறம் அதே கேள்வியை என்னிடம் திருப்பினான்: 'அண்ட் யூ, அண்ணா?'

'ஃபைவ் மோர் டேஸ்' என்றேன்.