சங்கம் நடத்தும் நிகழ்ச்சிகளால் உறுப்பினருக்கு உண்மையில் பயன் உண்டா? கணக்குப் பார்க்கும் முறை

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் லேத், ஃபவுண்டரி, ஜாப் ஒர்க் என்று சிறிய யூனிட் நடத்துகிறவர்கள் பலர் ஏதாவது ஒரு தொழில் சங்கத்தில் இருக்கிறார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன, எத்தனை பேர் வந்தார்கள் என்று இருக்கும். வந்தவரின் பட்டறையில் அதற்குப் பிறகு என்ன மாறியது என்பது பெரும்பாலும் இருக்காது. நாம் பார்க்க வேண்டியது அதைத்தான். புதிதாகச் செயற்குழுவுக்கு வந்தவரும் செய்யலாம், சாதாரண உறுப்பினரும் செய்யலாம். ஒரு நோட்டும் போனும் போதும்.

படி 1: செலவை முழுதாக எழுதுங்கள்

ஆண்டுச் சந்தா 3,000 ரூபாய், ஒரு பயிற்சிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு அதோடு முடியாது. நீங்கள் பயிற்சிக்குப் போன அரை நாள் மெஷின் நின்றால், அந்த இழப்பையும் சேருங்கள். முதலாளியே மெஷினில் நிற்கும் யூனிட்டுக்குப் பெரிய செலவு அதுதான்.

படி 2: நிகழ்ச்சிகளைப் பிரியுங்கள்

கடந்த 12 மாத நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி, பாராட்டு விழா, குடும்ப விழா போன்றவற்றைத் தனியே ஒதுக்குங்கள். அவையும் வேண்டியவைதான், நாலு பேர் பழக அதுதான் இடம். ஆனால் பயிற்சி, முகாம், ஆலோசனையோடு சேர்த்து எண்ணினால் கணக்கு குழம்பிவிடும்.

படி 3: ஒவ்வொன்றும் எதை மாற்ற வந்தது?

இந்தப் படியை அவசரமாக முடிக்காதீர்கள். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, உத்யம் பதிவு முகாம். உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு அரசு தளத்தில் முழுக்க இலவசம். ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. அப்படியிருக்க, சங்கம் கட்டணம் வாங்கினால் எதற்கு என்று தாராளமாகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்து கொடுத்தால் நல்ல உதவி. ஆனால் சான்றிதழை வைத்து அடுத்து என்ன செய்வது என்று சொல்லாமல் அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

அந்த மீதிப் பாதிதான் இரண்டாவது உதாரணம்: நிலுவைப் பணம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. கொடுக்காத பார்ட்டி மீது சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள ஃபெசிலிடேஷன் கவுன்சிலில், அதாவது இந்த நிலுவைப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பில், முறையிடலாம்.

இதை மேடையில் வாசித்துக் காட்டுவது ஒரு வகைக் கூட்டம். நிலுவை பில், டெலிவரி சலான், பர்ச்சேஸ் ஆர்டர் மூன்றையும் எடுத்து வரச் சொல்லி, மனுவை அங்கேயே எழுத வைப்பது இன்னொரு வகை. என் பார்வையில் இரண்டாவதுதான் சந்தாவுக்கு ஈடு. இன்னொன்றும் உண்டு. ‘கேஸ் போட்டால் அடுத்த ஆர்டர் வராதே’ என்ற பயத்தில்தான் நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. அந்த இடத்தில் சங்கம் தன் லெட்டர்பேடில் பார்ட்டிக்கு ஒரு கடிதம் போட்டால், தனியாளால் முடியாத காரியம் நடக்கும்.

படி 4: போன் போடுங்கள்

‘நிகழ்ச்சி எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சுங்க’ என்ற பதில்தான் வரும். ‘அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?’ என்று கேளுங்கள். மனு போட்டாரா, பணம் வந்ததா, பாதியில் விட்டாரா, ஏன் விட்டார் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். சந்தாவைப் புதுப்பிக்காதவர்களையும் அவசியம் கூப்பிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் தயங்கிச் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

படி 5: வரவு செலவைப் பாருங்கள்

1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், தணிக்கை செய்த கணக்கை ஆண்டுப் பொதுக்குழுவில் வைக்க வேண்டும். அதில் பயிற்சிக்கு எவ்வளவு, மண்டப வாடகைக்கும் சால்வைக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். புரியாவிட்டால் பொருளாளரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

படி 6: எல்லோருக்கும் கிடைத்ததைத் தனியே எழுதுங்கள்

சில பயன்கள் ஒருவர் கணக்கில் வராது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் உயர்ந்தபோது, நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறுதொழில் சங்கங்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தன. அப்படிக் கிடைக்கும் சலுகை சந்தா கட்டாதவருக்கும் போய்ச் சேரும். அதனால் அந்த வேலைக்கு மதிப்பு குறைந்துவிடாது. உங்கள் சங்கம் அதில் என்ன செய்தது, மனு கொடுத்ததா, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியதா என்று மட்டும் விசாரியுங்கள்.

படி 7: ஒரே பக்கத்தில் கொடுங்கள்

தொடர வேண்டியது, மாற்ற வேண்டியது, நிறுத்த வேண்டியது என மூன்று தலைப்பு போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே உறுப்பினர் சொன்ன ஒரு வரியைப் பெயர் இல்லாமல் சேருங்கள். அடுத்த ஆண்டு நிகழ்ச்சித் திட்டம் முடிவாகும் முன்பே செயலாளர் கையில் கொடுத்துவிடுங்கள். செயற்குழு எடுத்துக்கொள்ளவில்லை என்றால், பொதுக்குழு அழைப்பு வருவதற்குள் அதையே தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட மேலும் சில உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.