கரப்பான் எந்த வழியாக வந்தது? மூன்று ராத்திரியில் வீட்டிலேயே துப்புத் துலக்கும் முறை

சென்னை தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் போர்ஷனில் கரப்பான் மருந்துக்குச் செலவழித்த காசைச் சேர்த்து வைத்திருந்தால் நல்ல மிக்சி ஒன்று வாங்கியிருக்கலாம். ஸ்ப்ரே அடிப்போம். காலையில் நாலைந்து மல்லாந்து கிடக்கும். அம்மா பெருக்கித் தள்ளுவார். பத்து நாள் நிம்மதி. அப்புறம் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டால் சமையல் மேடையில் சரசரவென்று ஓட்டம். மறுபடியும் ஸ்ப்ரே.

நாங்கள் அடித்துக்கொண்டிருந்தது பாத்ரூமில். அவை குடித்தனம் நடத்தியது ஃபிரிட்ஜுக்குப் பின்னால். இது எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது. கீழே சொல்கிற மாதிரி செய்தால் உங்களுக்கு மூன்று ராத்திரி போதும். தேவையானவை: நாலு காலி கண்ணாடி பாட்டில், கொஞ்சம் வாசலின், பிஸ்கட், ஒரு டார்ச், ஒரு துண்டுப் பேப்பர். கொஞ்சம் தைரியமும் வேண்டும்; பறக்கிற கரப்பானைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறுகிற ஆள்தான் நானும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. வீட்டில் கரப்பான் என்றதும் ‘வீட்டைச் சுத்தமா வெச்சுக்க மாட்டாங்க போல’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது பாதி நியாயம்தான். கரப்பானுக்கு வேண்டியது தண்ணீர், தீனி, கதகதப்பு, அப்புறம் உடம்பின் மேலும் கீழும் உரசுகிற மாதிரி ஒரு இடுக்கு. இதில் நம் பெருக்கல் துடைத்தலுக்கு அடங்குவது பெரும்பாலும் தீனி மட்டும்தான். அதிலும் அது கேட்பது ஒரு பருக்கை, ஒரு எண்ணெய்ப் பிசுக்கு. பளபளவென்று துடைத்த வீட்டிலும் சிங்குக்கு அடியில் குழாய் சொட்டினால் அது தங்கிவிடும்.

படி 1: வந்தது யார் என்று பாருங்கள்

எல்லாப் படிகளையும் விட இது முக்கியம். பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. இரண்டுக்கும் பழக்கவழக்கம் வேறு, வரும் வழியும் வேறு.

பெரியது, அமெரிக்கக் கரப்பான். 35 முதல் 40 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இருக்கும் கேடயம் போன்ற பகுதியின் ஓரத்தில் மஞ்சள் வளையம். சாக்கடை, சேம்பர், செப்டிக் டாங்க் இதெல்லாம்தான் அதன் சொந்த ஊர். வீட்டுக்குள் வருவது விருந்தாளியாக.

சின்னது, ஜெர்மன் கரப்பான். 12 முதல் 15 மில்லிமீட்டர், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். இது சாக்கடைப் பேர்வழி இல்லை. மனிதர்கள் இருக்கும் கட்டடத்தை விட்டால் இதற்குப் பிழைப்பு கிடையாது. நாம் வாங்கி வரும் சாமானோடு உள்ளே வரும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுச் சுவர் இடுக்கு வழியாக வரும்.

பெரியதன் குஞ்சைப் பார்த்துச் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். குஞ்சுக்கு இறக்கை இருக்காது, அந்த இரண்டு கோடும் இருக்காது.

பெயரில் ஊர் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். அமெரிக்கக் கரப்பானின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஜெர்மன் கரப்பான் சுமார் 2,100 வருடங்களுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார் பக்கம் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்து வந்தது என்று 2024-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. ஆக, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பது நம்ம ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

படி 2: பாட்டில் பொறி

காலி ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எதுவானாலும் சரி. வெளிப்பக்கம் செய்தித்தாளைச் சுற்றி ஒட்டுங்கள். அதைப் பிடித்துத்தான் அது ஏறும். உள்பக்கம் வாயிலிருந்து இரண்டு விரல்கடை ஆழத்துக்கு வாசலினை மெல்லிசாகத் தடவுங்கள்; விழுந்தது ஏற முடியாமல் வழுக்கும். அடியில் ஈரமாக்கிய பிஸ்கட் ஒன்று. கருவாட்டுத் துண்டு போட்டாலும் வரும். காசிமேட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கருவாட்டுப் பானையை யார் யார் தேடி வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

நாலு பாட்டிலுக்கும் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். சிங்குக்கு அடியில் ஒன்று, ஃபிரிட்ஜ் பின்னால் ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று, பரண் அல்லது அரிசி மூட்டைப் பக்கம் ஒன்று. சுவரை ஒட்டி வைப்பது முக்கியம். கரப்பான் நடுக்கூடத்தில் உலாவாது; சுவர் ஓரமாக மீசையை உரசிக்கொண்டே போகும். இந்த மூன்று ராத்திரியும் ஸ்ப்ரே, பூச்சிக்குக் கோடு போடும் மருந்து சாக்பீஸ் எதையும் தொடாதீர்கள்.

காலையில் எண்ணி எழுதுங்கள்: பெரியது எத்தனை, சின்னது எத்தனை, இறக்கை முளைக்காத குஞ்சு எத்தனை. எண்ணி முடித்ததும் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் கதை முடிந்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு, மூன்று ராத்திரியும் சேர்த்து: சிங்க் பாட்டிலில் சின்னது 2. பாத்ரூமில் பெரியது 1. பரணில் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜ் பாட்டிலில் சின்னது 19, அதில் 15 குஞ்சு.

படி 3: குஞ்சு எங்கே அதிகமோ அங்கே கூடு

வளர்ந்த கரப்பான் தூரம் போய் வரும். குஞ்சு போகாது, பிறந்த இடுக்கை விட்டு அதிகம் விலகாமல், பெரியவற்றின் எச்சத்தைக்கூடத் தின்று வளரும். அதனால் மொத்த எண்ணிக்கையை விடக் குஞ்சுகளின் எண்ணிக்கைதான் உங்களுக்கு வழி காட்டும்.

அன்றைக்கே ஃபிரிட்ஜை முன்னால் இழுத்தோம். பின்பக்கம் கீழே, கம்ப்ரசருக்கு மேல், ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி அதில் சேரும். கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிப் போகும். அதில் அரை விரல்கடை பழுப்புத் தண்ணீர். ஓரமெல்லாம் மிளகுத்தூள் தூவிய மாதிரி கரும்புள்ளிகள். அது தூள் இல்லை, எச்சம். கைவைத்தால் வெதுவெதுப்பு. நனைந்த அட்டையும் பழைய எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. டார்ச் அடித்ததும் கம்ப்ரசர் கம்பிகளுக்குள் இருந்து ஒரு கூட்டமே அசைந்தது. ஒன்றின் பின்பக்கம் வெளிர் பழுப்பில் குட்டிப் பை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முட்டைக்கூடு. ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை வரை இருக்கும். பொரிக்கும் வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். எங்கள் ‘பத்து நாள் நிம்மதி’ ஏன் பத்தே நாள் என்று அப்போதுதான் விளங்கியது. (பெரியது வேறு மாதிரி: காராமணி விதை போலக் கரும்பழுப்பில் ஒரு கூட்டை மூலையில் ஒட்டிவிட்டுப் போய்விடும். உள்ளே பதினைந்து முட்டை போல இருக்கும். அதைப் பார்த்தால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள்.)

அந்த ஃபிரிட்ஜ் பழைய சாமான் கடையில் வாங்கியது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? வாங்கும்போது முன்பக்கம் திறந்து ஐஸ் பிடிக்கிறதா என்று பார்த்தேனே தவிர, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜாக இல்லாமல் இருக்கலாம். சூடும் இருட்டும் சேர்ந்த இடங்களை வரிசையாகப் பாருங்கள்: கிரைண்டரின் அடிப்பக்கம் (வழிந்த மாவு காய்ந்து ஒட்டியிருக்கும், மேலே மோட்டார் சூடு, அதற்கு அது திருமண மண்டபம்), மிக்சியின் அடி ஓட்டைகள், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், அலமாரிக் கதவின் கீல், சிலிண்டரின் அடி வளையம்.

படி 4: தண்ணீரைத் தேடுங்கள்

தீனி இல்லாமல் தண்ணீர் மட்டும் இருந்தால் சின்னக் கரப்பான் ஒரு மாதம் போல ஓட்டிவிடும். தண்ணீர் இல்லையென்றால் இரண்டு வாரம் தாங்குவதே கஷ்டம். நம் பக்கத்தில் சங்கடம் என்னவென்றால் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் குடும்பம் நடத்த முடியாது. லாரி வரும் நாளில் வீட்டில் இருக்கும் குடம், டிரம், அண்டா எல்லாம் நிரம்பும். நிரப்புவது தப்பில்லை. குடத்தின் அடியில் நாள் முழுக்க நிற்கும் ஈர வளையம், தண்ணீர்க் கேன் ஸ்டாண்டில் சொட்டுவது, பிழியாமல் போட்ட கரித்துணி, ராத்திரி ஊறப்போட்ட பாத்திரம், இவைதான் அதற்குக் குடிநீர். படுக்கப் போகும் முன் மேடையையும் சிங்கையும் காய்ந்த துணியால் ஒரு துடை. டிரம்மை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிட்டால் அடியில் காற்றுப் போய் ஈரம் காயும்.

படி 5: பெரியது வந்தால் பாத்ரூமைப் பாருங்கள்

பாத்ரூம் தரையில் ஜாலி மூடியைத் தூக்கினால் கீழே கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். பிளம்பர்கள் நாணி டிராப் என்பார்கள். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுப்பது அதுதான். புழங்காத பாத்ரூமில் தண்ணீர் ஆவியாகி வற்றிவிடும், கதவு திறந்துகொள்ளும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால் ஹாலில் பெரியது வரவேற்பதற்கு இதுதான் காரணம். புழங்காத டிராப்பில் வாரம் ஒரு முறை ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஜாலி உடைந்திருந்தால் மாற்றுங்கள்.

அடுத்தது குழாய் சுவருக்குள் போகும் இடம். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பின்னாளில் சுவரைக் குடைந்து பைப் போட்டிருப்பார்கள். சுற்றிலும் பூசாமல் விட்டிருப்பார்கள். மூன்று மில்லிமீட்டர் சந்து இருந்தால் வளர்ந்த பெரியதே உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே வெள்ளை சிமெண்ட் பூசினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் மோசம். சாக்கடையில் தண்ணீர் ஏறினால் அங்கே இருப்பவை மேலே ஏறி வரத்தானே வேண்டும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் சேம்பர் மூடி ஓரமாக வரிசை வரிசையாக ஏறி வந்ததைப் பார்த்தேன். வீட்டை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இது நிற்காது. பாதாள சாக்கடை அடைத்தால் மெட்ரோ வாட்டரின் 1916, மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சியின் 1913. தெருவில் நாலு வீடு சேர்ந்து புகார் கொடுப்பது நல்லது.

படி 6: சாமானையும் சுவரையும் பாருங்கள்

அட்டைப்பெட்டி, சாக்கு, முட்டை அட்டை மூன்றும் சின்னதுக்கு ஓசி வண்டி. கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியைப் பரணில் அடுக்காமல் அன்றே வெளியேற்றுங்கள்.

பொதுச்சுவர் வீடுகளிலும் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலும் பக்கத்து வீட்டோடு ஒரே நாளில் மருந்து வைக்க வேண்டும். நாங்கள் மட்டும் ஸ்ப்ரே அடித்தபோது பக்கத்து போர்ஷன் அக்கா, “உங்க வீட்டுல அடிச்சா எங்க வீட்டுக்கு வருதுப்பா” என்றார். நான் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஃபிரிட்ஜை இழுத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

படி 7: இப்போது மருந்து

ஸ்ப்ரே கண்ணில் பட்டதைக் கொல்லும், மீதியை அடுத்த இடுக்குக்கு விரட்டும். முட்டைக்கூட்டுக்குள் பெரும்பாலும் போகாது. சின்னதுக்கு ஜெல் மருந்துதான் என் கட்சி. கூடு இருக்கும் இடத்தைச் சுற்றி அரிசி அளவுக்குப் புள்ளி புள்ளியாக வையுங்கள். தின்றது உள்ளே போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்ற குஞ்சும் சாகும். அதன் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால் எதுவும் ஜெல்லைத் தொடாது, காசு வீண்.

போரிக் பவுடரும் நல்லதுதான், மெதுவாக வேலை செய்யும். கேரம் போர்டு பவுடரைத் தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேரம் பவுடர் எல்லாமே போரிக் இல்லை. மருந்துக் கடையில் போரிக் பவுடர் என்றே கேட்டு வாங்குங்கள். குவியலாகக் கொட்டினால் கரப்பான் சுற்றிப் போய்விடும். தூசி படிந்த மாதிரி மெல்லிசாக, ஈரம் படாத இடுக்கில் தூவ வேண்டும். குழந்தை தவழும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இதுவும் வேண்டாம், சாக்பீஸும் வேண்டாம், பாச்சை உருண்டையும் வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் எச்சத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியே ஆஸ்துமாவைக் கிளப்பும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஆறு வாரம் கழித்து அதே பாட்டில்களை அதே இடங்களில் மறுபடி வையுங்கள். போன வாரம் நான் வைத்தேன். ஃபிரிட்ஜ் பாட்டில் காலி. சிங்க் காலி. பாத்ரூம் பாட்டிலில் பெரியது ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், துணி துவைத்த தண்ணீர் சீக்கிரம் போகட்டும் என்று அம்மா ஜாலி மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.