வாகன நிறுத்துமிடம், நுழைவழி விதிகளிலிருந்து விலக்கு கோருவது எப்படி

“மனையில் போதிய இடமில்லை, எனவே விதியைத் தளர்த்தித் தரவும்” என்று ஒரே வரியில் எழுதப்படும் விண்ணப்பம் பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. அதைப் படிக்கும் அதிகாரிக்கு விண்ணப்பதாரரின் சிரமம் புரியும். ஆனால் அந்த விதி எதைக் காப்பதற்காக எழுதப்பட்டதோ அது இனியும் காக்கப்படுமா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியில் பதில் இருக்காது. விலக்கு கோரும் விண்ணப்பத்தின் வேலையே அந்தப் பதிலைத் தருவதுதான். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் எந்த வரைபடத்தை இணைப்பது, எந்தக் காரணத்தை முதலில் எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பவையெல்லாம் தாமாகவே தெளிவாகும்.

முதலில், விலக்கு உண்மையிலேயே தேவையா என்று பார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக விண்ணப்பம் எழுத உட்காருபவர்களே அதிகம். சாலை மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் தாழ்ந்த ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சாலை விளிம்பிலிருந்து வண்டி நிற்கும் தளம் வரை நேர்கோட்டில் 6 மீட்டர்தான் இருக்கிறது என்றால், நுழைவழியின் சாய்வு 20 விழுக்காடு ஆகிறது. அந்த ஊரின் விதி 15 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிக்காது என்று வைத்துக்கொண்டால், விலக்கு கேட்பதே ஒரே வழி என்று தோன்றும். ஆனால் நுழைவழியைச் சற்றே சாய்கோணமாகத் திருப்பி 8 மீட்டர் நீளமாக்கினால் சாய்வு சரியாக 15 விழுக்காட்டுக்கு வந்துவிடும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பொறியாளர் முதலில் கேட்கப்போவது “இதை ஏன் செய்யவில்லை?” என்பதுதான். அந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் நாமே கேட்டு, விடையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

சில வேளைகளில் நாம் மீறுவதாக நினைக்கும் விதியே நடைமுறையில் இல்லாமல் போயிருக்கும். கட்டடத்துக்கு இத்தனை நிறுத்த இடங்கள் கட்டாயம் என்ற விதியைப் பல நகரங்கள் குறைத்தோ நீக்கியோ வருகின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017ஆம் ஆண்டிலேயே அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையை நகர் முழுவதும் கைவிட்டது. எண்ணிக்கை விதி போனாலும், அகலம், நீளம், சாய்வு போன்ற அளவு விதிகள் அப்படியே நிற்கும் என்பதையும், எண்ணிக்கைக்கான தளர்வும் அளவுக்கான விலக்கும் பெரும்பாலான இடங்களில் வேறு வேறு விண்ணப்பங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே நடப்பிலுள்ள விதித் தொகுப்பின் அண்மைப் பதிப்பை வாங்கி, மீறப்படும் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. நுழைவழி என்பது ஒரே பாதையாகத் தெரிந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது இரண்டு துண்டு. மனையின் எல்லைக்குள் இருக்கும் பகுதியை நகரமைப்புப் பிரிவு கவனிக்கும். எல்லைக்கு வெளியே, நடைபாதையையும் வடிகாலையும் கடந்து சாலையைத் தொடும் பகுதி சாலைத் துறையின் பொறுப்பு. முன்னே ஓடுவது நெடுஞ்சாலையாக இருந்தால் அந்த அனுமதி நகராட்சியின் கையிலேயே இருக்காது. ஒரு துறையிடம் விலக்கு பெற்றுவிட்டு, மற்றொன்றின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கி, போட்ட கான்கிரீட்டையே உடைக்க நேர்வது வருந்தத்தக்க வீண்செலவு. சிறிய அளவு வேறுபாடுகளைத் துறைப் பொறியாளரே முடிவு செய்யலாம். பெரியவை ஒரு குழுவின் முன் விசாரணைக்குப் போகும். நம்முடையது எந்த வகை என்பதை, விண்ணப்பிப்பதற்கு முன்பே அலுவலகத்தில் நேரில் ஒருமுறை பேசித் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் சந்திப்புக்கு ஒரு கைவரைபடம் கூடப் போதும்.

இப்போது விண்ணப்பத்தின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். விலக்கு என்ற ஏற்பாடு மனையின் தனித்தன்மைக்காகவே உருவானது. 1916ஆம் ஆண்டு நியூயார்க் நகரம் எந்தப் பகுதியில் எதை, எப்படிக் கட்டலாம் என்று வரையறுக்கும் முழுமையான நில மண்டல விதிகளைக் கொண்டுவந்தபோதே மேல்முறையீட்டு வாரியம் ஒன்றையும் அமைத்தது. பொதுவாக எழுதப்படும் எந்த விதியும் ஏதோ ஒரு மனையில் பொருந்தாமல் போகும் என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள். அதனால்தான் பல நாடுகளில் இன்றும் பரிசீலனையாளர் தேடுவது, நிலத்திலிருந்தே எழும் இன்னலை: ஆப்பு வடிவ மனை, செங்குத்தான சரிவு, பாறை, வெட்டக் கூடாத பழைய மரம், நகர்த்த முடியாத மின்கம்பம் போன்றவை. செலவு கூடுகிறது என்பது மட்டுமே காரணமானால் அது ஏற்கப்படுவது அரிது. கட்டடத்தைப் பெரிதாகக் கட்டிவிட்டு வண்டிக்கு இடமில்லை என்று சொல்வது விண்ணப்பதாரர் தாமே வருவித்துக்கொண்ட இன்னலாகவே கருதப்படும். கட்டி முடித்த பிறகு கேட்பதைவிட, வரைபடம் திருத்தக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்பது எல்லா வகையிலும் மேல்.

இன்னலை நிறுவிய பிறகு, கேட்கும் அளவைச் சுருக்க வேண்டும். இதை ஒரு கணக்கோடு விளக்குவது எளிது. விதிப்படி ஒவ்வொரு நிறுத்த இடமும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். செங்கோணமாக நிறுத்தும் இரு வரிசைகளுக்கு நடுவே வண்டிகள் ஓட 6 மீட்டர் இடைவழி. ஆக மொத்தம் 16 மீட்டர் வேண்டும். நம் மனையோ 15.5 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்டது. அரை மீட்டர் குறைகிறது. வண்டிகளை 45 பாகை சாய்வில் நிறுத்தி, ஒருவழியாக 4 மீட்டர் இடைவழி வைத்தால் மொத்த அகலம் ஏறத்தாழ 14.6 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் வரிசைக்கு 12 வண்டிகள் நின்ற இடத்தில் 7 மட்டுமே நிற்கும். மறுமுனையில் வெளியேற ஒரு வழியும் தேவைப்படும். மாறாக, நிறுத்த இடத்தின் அகலத்தை 2.7 மீட்டராக்கி, இடைவழியை 5.5 மீட்டராகக் குறைத்தால் வரிசைக்கு 11 வண்டிகள் நிற்கும். இடம் அகலமாக இருந்தால் வண்டியைத் திருப்பி நுழைக்கக் குறைந்த இடைவழியே போதும் என்பதால், 6 மீட்டர் இடைவழி எதற்காக விதிக்கப்பட்டதோ அந்த நோக்கம் இங்கும் நிறைவேறுகிறது. விண்ணப்பத்தில் இந்த மூன்று ஏற்பாடுகளையும் அருகருகே வரைந்து காட்டினால், அரை மீட்டர் கேட்பது ஏன், அதற்குப் பதிலாக என்ன கொடுக்கிறோம் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இதையே எழுத்தில் இப்படி வைக்கலாம்: “பிரிவின்படி இடைவழி 6 மீட்டர் இருக்க வேண்டும், நாங்கள் 5.5 மீட்டர் கோருகிறோம். மனையின் அகலம் 15.5 மீட்டராக இருப்பதும், இருபுறமும் பிறர் சொத்து இருப்பதும் இதற்குக் காரணம். இதை ஈடுசெய்ய ஒவ்வோர் இடத்தின் அகலமும் 2.7 மீட்டராக உயர்த்தப்பட்டுள்ளது. கார் ஒன்று ஒரே திருப்பத்தில் உள்ளே நுழைய முடியும் என்பதை இணைப்பிலுள்ள திரும்புபாதை வரைபடம் காட்டுகிறது.” விதி, கோரும் அளவு, காரணம், ஈடு, சான்று ஆகிய எதுவும் இதில் விடுபடவில்லை. பணிவான சொற்களால் பக்கங்களை நிரப்புவதைவிட இது பயன் தரும்.

பார்வைத் தெளிவு பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நுழைவழி விலக்குகளில் உயிரோடு தொடர்புடையது அதுதான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர், குறுக்கே வண்டி வருவதைக் கண்டு உணர்ந்து பிரேக்கை அழுத்த 2.5 விநாடி ஆகும் என்பது சாலைப் பொறியியலில் வழக்கமான கணக்கு. அந்த நேரத்துக்குள் வண்டி 35 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்கு மேலும் 30 மீட்டர் அளவில் தேவைப்படும். ஆக, நுழைவழியிலிருந்து இருபுறமும் ஏறக்குறைய 65 மீட்டருக்குச் சாலை தடையின்றித் தெரிய வேண்டும். காரில் அமர்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும் என்பதால், அதைவிட உயர்ந்த மதிலும் அடர்ந்த வேலியும் அந்தப் பார்வையை மறைத்துவிடும். நடைபாதையில் ஓடிவரும் குழந்தையின் உயரம் இன்னும் குறைவு. ஆகவே முக்குக்கு அருகில் நுழைவழி வைக்க விலக்கு கேட்பவர், மதிலின் ஓரத்தைத் தாழ்த்தித் தருகிறேன் என்றோ, வண்டி பின்னோக்கி வெளியேறாதபடி உள்ளேயே திருப்ப இடம் விடுகிறேன் என்றோ தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும். அவ்வாறு செய்ய இயலாத மனையில் அந்த விலக்கைக் கேட்காமல் இருப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

வேறு சிலவற்றையும் தொடாமல் விடுவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்த இடத்தின் அகலம் பல நாடுகளில் தனிச் சட்டத்தால் வரையறுக்கப்படுகிறது. அமெரிக்காவில் காருக்கு 2.44 மீட்டரும், சக்கர நாற்காலி இறங்க அருகில் 1.52 மீட்டரும் நாடு தழுவிய நெறிமுறை என்பதால் ஒரு நகராட்சி நினைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. தீயணைப்பு வண்டி வரும் பாதையும் அப்படித்தான். அங்கு ஏதேனும் மாற்றம் தவிர்க்க முடியாததாக இருந்தால், தீயணைப்புத் துறையின் எழுத்துவழி இசைவை முதலில் பெற்று விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும்.

இணைப்புகளில் நில அளவரின் கையொப்பமிட்ட, அளவுவிகிதம் குறித்த வரைபடம் தவறாமல் இருக்கட்டும். சாய்வு பற்றிய விலக்கானால், பாதையை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் நெடுக்குவெட்டு வரைபடமும் வேண்டும்; சாய்வு மாறும் முனையில் வண்டியின் அடிப்பகுதி தட்டாது என்பதை அதில்தான் காட்ட முடியும். மழைநீர் சாலைக்கோ அடுத்த வீட்டுக்கோ போகாமல் எங்கே வடியும் என்பதையும் அதிலேயே அம்புக்குறியிட்டுக் காட்டுங்கள். ஓட்டுநர் கண்ணின் உயரத்தில் எடுத்த புகைப்படங்கள் வரைபடம் சொல்லாததைச் சொல்லும்.

விசாரணை உண்டென்றால் அறிவிப்பு அக்கம்பக்கத்தாருக்கும் போகும். அது போய்ச் சேர்வதற்கு முன் நாமே வரைபடத்தோடு சென்று அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. வண்டி வெளிச்சம் ஜன்னலில் விழும், தண்ணீர் தேங்கும் என்பன போன்ற அவர்களுடைய அச்சங்கள் பெரும்பாலும் ஒரு சிறு திருத்தத்தால் தீரக்கூடியவை. கடைசி நேரத்தில் எழுத்துவழி ஆட்சேபமாக வந்தால் அவையே மாதக்கணக்கில் தாமதத்தை உண்டாக்கும்.

விலக்கு கிடைத்தால் பெரும்பாலும் நிபந்தனைகளோடுதான் கிடைக்கும். ஒருவழிக் குறியீடு வரைய வேண்டும், மதிலை இன்ன உயரத்துக்கு மேல் எழுப்பக் கூடாது என்றெல்லாம் ஆணையில் இருக்கும். குறித்த காலத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஆணை காலாவதியாவதும் உண்டு. மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கான கெடு சில வாரங்களே இருக்கலாம் என்பதால், ஆணை கைக்கு வந்த நாளை உடனே குறித்து வையுங்கள். ஒப்புதல் ஆணையின் நகலையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் சொத்துப் பத்திரங்களோடு சேர்த்து வைப்பது அவசியம். மனையை விற்கும்போதோ கட்டடத்தை விரிவாக்கும்போதோ அந்த அரை மீட்டர் எப்படிக் குறைந்தது என்று கேட்பவருக்கு அவற்றைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.