மடிநோய்க்கு ஊசி போடுவதற்கு முன்னால்

கொடுங்கையூரில் மூன்று கறவை மாடு வைத்திருக்கிறேன். போன மழையில் லட்சுமிக்கு வலது பின்மடி கல் மாதிரி இறுகி, பால் திரிதிரியாக வந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஊசியைப் போட்டேன். இரண்டே நாளில் வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டேன். என் புத்தியைச் சொல்லணும். நோய் திரும்பியபோது அதே மருந்து கேட்கவே இல்லை.

மடிக்குள் ஒளியும் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமிகளில் சில, பென்சிலின் மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரப்பவை. அதனால் முதலில் பால் பரிசோதனை, அப்புறம்தான் ஊசி.

மாதிரி எடுப்பதில்தான் கோட்டை விடுகிறோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் நான்கைந்து பீச்சை கறுப்புத் துணியில் விடுங்கள், திரி பளிச்சென்று தெரியும். பஞ்சில் அழுக்கு ஒட்டாமல் வரும்வரை காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். கிருமி நீக்கிய பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, காம்பு பாட்டில் வாயில் படாமல் பீச்சி மூடுங்கள். நான் காசிமேட்டு மீன் வாங்கும் தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் போட்டு, அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று பரிசோதனை முடிவில் வரும்.

டாக்டர் சொன்ன அத்தனை நாளும் ஊசி போடுங்கள். பாலைப் பயன்படுத்தக்கூடாது என்று மருந்து லேபிளில் போட்டிருக்கும் நாள்வரை பாலைக் கொட்டிவிடுங்கள். டீக்கடைக்கும் வேண்டாம், கன்றுக்கும் வேண்டாம். மருந்து கலந்த அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாகத் தோயாது.

கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, தீவனம் போட்டு மாட்டை அரைமணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை அதற்குள் மூடிக்கொள்ளும்.