ஒரு வரியில் எட்டுதான்: என்.இ.எஸ். லெவல் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1983-இல் ஜப்பானில் ஃபேமிகாமாக வந்து, பிறகு மற்ற நாடுகளில் என்.இ.எஸ். ஆன நின்டெண்டோ கன்சோலுக்கு இன்றும் புது கேம்கள் எழுதுகிறார்கள். கோடில் பிழை இருந்தால் அதை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்பிளர் கத்திவிடும். லெவல் வடிவமைப்பில் இருந்தால் எதுவும் கத்தாது.

எதிரிகளை ஒரே தரையில் நிறுத்துவது

திரைக்கு 64 ஸ்ப்ரைட் (நகரும் உருவங்களை வரையும் சிறு படத்துண்டு) என்று படித்துவிட்டு அதை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். உண்மையில் கழுத்தைப் பிடிப்பது ஸ்கேன்லைனுக்கு, அதாவது திரையின் ஒரு கிடைமட்ட வரிக்கு, 8 என்ற எல்லை. ஒரு ஸ்ப்ரைட் 8 பிக்சல் அகலம். 16 பிக்சல் அகல நாயகனுக்கு 2, அதே அகலத்தில் மூன்று எதிரிகளுக்கு 6, அதோடு சரி. அடுத்து வரும் குண்டு ஒன்பதாவது. ஸ்ப்ரைட் பட்டியலில் பின்னால் இருப்பது அந்த வரியில் வரையப்படாது, ஆனால் மோதல் கணக்கு நடந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத குண்டு பட்டு ஆடுபவர் சாவார். இதைவிட அநியாயமான சாவு கேமில் இல்லை.

எரிச்சல் வருவது இங்கேதான்: பல எமுலேட்டர்களில் (கணினியில் கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்) இந்த எல்லையை நீக்கும் வசதி உண்டு. அதை ஆன் செய்து வைத்தே எல்லா லெவலையும் சோதித்துவிட்டு, கார்ட்ரிட்ஜில் ஏற்றியபின் பதறுகிறார்கள். முதல் நாளே அதை ஆஃப் செய்யுங்கள்.

வேண்டாத ஸ்ப்ரைட்டை வெற்று டைல் (8×8 பிக்சல் படக்கட்டம்) கொடுத்து மறைப்பதும் உதவாது. அதுவும் எட்டில் ஒன்றாக எண்ணப்படும். அதன் உயரத்தைக் குறிக்கும் ஒய் மதிப்பை 255 ஆக்கித் திரைக்கு வெளியே தள்ளுங்கள்.

எதிரிகளை வெவ்வேறு உயரத்தில் வையுங்கள். 32 பிக்சல் நகரும் பலகை இருந்தால் அது ஒன்றே 4 தின்றுவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மீறித்தான் ஆக வேண்டுமென்றால், பட்டியலை நிரப்பத் தொடங்கும் இடத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் 17 இடம் (68 பைட்) தள்ளுங்கள். 17 ஒற்றைப்படை, அதனால் 64 இடங்களுக்கும் முறை வரும். உருவம் மறையாமல் மினுங்கும். பெரிய உருவத்துக்கு இன்னொரு வழி பின்னணி: மெகா மேன் 2 கேமின் ராட்சத டிராகன் ஸ்ப்ரைட்டால் அல்ல, பின்னணி டைல்களால் ஆனது. அதனால்தான் அங்கே பின்புலம் வெறும் கறுப்பு.

8 பிக்சல் நகர்த்தி வண்ணம் தீட்டுவது

பின்னணியில் பேலட் (நிறத் தொகுப்பு) மாறுவது 16×16 கட்டத்துக்கு ஒருமுறைதான். ஏணியை 8 பிக்சல் தள்ளி வைத்தால் பக்கத்துச் சுவரும் ஏணியின் நிறத்துக்குப் போய்விடும். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே டைல்கள், பேலட் மட்டும் வேறு. சிக்கனத்தை அப்படிப் பழகுங்கள்.

ஓடும்போதே முழுத்திரையை மாற்றுவது

முடியாது. திரையில் எழுதக் கிடைப்பது வீபிளாங்க், அதாவது ஒரு ஃபிரேம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் உள்ள இடைவெளி. என்.டி.எஸ்.சி. (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) கன்சோலில் அது சுமார் 2,270 சைக்கிள் (செயலியின் கடிகாரத் துடிப்பு). ஸ்ப்ரைட் பட்டியலை நகலெடுக்கவே 513 போகும். மிச்சத்தில் சாதாரண லூப் நூற்றுச் சொச்சம் பைட்தான் எழுதும், திரையோ 1,024 பைட். அறை மாறும்போது திரையை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

ஸ்கோரை மேல் விளிம்பில் ஒட்டுவது

பழைய டிவிகள் வெட்டிவிடும். 16 வரி விடுங்கள்.